அடக்கி வைத்தால் கடுக்கும்

பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக்கடைகளில் நிற்கும் விற்பனைப் பெண்களுக்குக் கழிப்பறை என்பது எட்டாத தூரம். விரித்த புடவையை மடிப்பதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார். கழிப்பறை மேல்மாடியிலோ கிடங்குக்குப் பின்னாலோ இருக்கும். இதற்குப் பலரும் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. சில நாளில் எரிச்சல் தொடங்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், போய்விட்டு வந்த கையோடு மறுபடி முட்டும். சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீர் குடிப்பார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவார்கள்.

சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு இளநீரால் கெடுதல் இல்லை. ஆனால் கடுப்புக்குக் காரணம் பெரும்பாலும் சூடல்ல, கிருமி. சிறுநீர்த் தொற்றுகளில் முக்கால்வாசிக்கு மேல் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் வேலை. குடலில் இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை கிடையாது. ஆசனவாய்ப் பக்கமிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு இடம் மாறினால்தான் வம்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்களுக்கு வெறும் 4 செ.மீ. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்றால் அவதிப்படுவதற்கு இந்தக் குட்டைப் பாதை முக்கியக் காரணம். ‘சுத்தமாக இருந்தால் வருமா?’ என்று வீட்டிலேயே கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி நியாயமில்லாதது.

கிருமிக்கு எதிராக உடம்பிடம் இருக்கும் எளிய ஆயுதம் சிறுநீர்தான். அடிக்கடி கழித்தால் அடித்துக்கொண்டு போய்விடும்; தேங்கினால் பெருக அவகாசம் கிடைக்கும். அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. மருந்தே இல்லாமல் கிட்டத்தட்டப் பாதி குறைந்திருக்கிறது.

குடிக்கச் சொல்வது எளிது, போக இடம் வேண்டுமே! கேரளத்தின் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற பெண் முன்னின்று தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பு கடைப் பெண்களுக்காக முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். உட்காரும் உரிமைக்கான போராட்டம் பிறகு வந்தது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. நல்ல காரியம். ஆனால் இருக்கை போட்ட கடையிலும் ஐந்து நிமிடம் போய்வர மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் சிறுநீர்ப்பைக்கு அதனால் லாபமில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். பலரும் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இந்தியாவில் ஈ.கோலை பெருமளவு பழகிவிட்டது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மருத்துவர்கள் இப்போது நைட்ரோஃப்யூரண்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவற்றையே முதலில் எழுதுகிறார்கள். திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை அவசியம். அதற்குச் சிறுநீர் பிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாத்திரை தொடங்குமுன் பிடிக்க வேண்டும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து உடனே லேபில் கொடுக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்.

கல்ச்சரில் கிருமி இல்லை, ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டியிருக்கிறதா? அப்போது ஆண்டிபயாட்டிக் வீண். சிறுநீர்ப்பையே கோளாறு செய்யலாம். ஒரு குவளை சேர்ந்ததுமே அவசரப்படுத்துகிற பை ஒரு வகை. எப்போது குடித்தோம், எப்போது, எவ்வளவு போனோம் என்று மூன்று நாள் குறித்துக் காட்டினாலே மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பிறகு போகும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டிப் பழக்குவார்கள். இது அந்த வகைப் பைக்கான பயிற்சி. கிருமி இருக்கும்போது செய்யக்கூடாது. நாட்பட்ட சர்க்கரை நோயில் நேர்மாறு: நரம்பு மரத்து, பை நிரம்பியதே தெரியாமல் போகும், போனாலும் மிச்சம் தேங்கும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் இதையே செய்யும். சிறுநீர் கழித்த கையோடு ஒரு ஸ்கேன் எடுத்தால் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிக்கடி தொற்று வந்தால், பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலன் தரும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்களே அதிகம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது. அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் கிருமி தெரிந்தாலும் அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும்.