வினாக்குறிகளாகும் தமிழ்ப் பெயர்கள்

இணையப் படிவத்தில் தமிழில் பதிந்த பெயர், சேமித்தபின் சிதைந்து தோன்றுவதுண்டு. ஜாவா மொழியில் ஸ்பிரிங் சட்டகத்தைக் கொண்டு அமைத்த செயலிகளில், சிதைவின் வடிவமே பிழையின் இடத்தைக் காட்டிவிடும்.

‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியெண்களாகவும், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகளாகவும் அமைகிறது. வேண்டுகோளில் குறியாக்கம் சுட்டப்படாவிடின், செர்வ்லெட் வரையறை அதனை ஐஎஸ்ஓ 8859-1 எனக் கொள்ளும். அதில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து; ஆகவே அச்சொல் 15 அயற்குறிகளாகப் பிரிந்துவிடும். பைட்டுகள் மாறாதிருப்பதால், இச்சிதைவைப் பெரும்பாலும் மீட்கலாம்.

வினாக்குறிகள் தோன்றினால் நிலைமை வேறு. தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்திற்கு மாற்றும்போது ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாகி, மூலம் அழிந்துவிடுகிறது. அப்போது தரவுத்தளத்தின் குறியாக்கத்தை முதலில் ஆராய வேண்டும்.

படிவத்தின் முதல் மதிப்பு படிக்கப்படுமுன் ஸ்பிரிங்கின் குறியாக்க வடிகட்டி இயங்க வேண்டும்; பிந்தினால் பயனில்லை. ஸ்பிரிங் பூட் இதனைத் தானே அமைத்துக்கொள்ளும். பழைய செயலிகளில் நாமே அமைத்தல் வேண்டும்.

அழிந்த பெயரை எந்த நிரலும் மீட்டுத் தராது. உரியவரையே மீண்டும் கேட்க நேரும். ஆதலின், செயலியை வெளியிடுமுன் தமிழ்ப் பெயரொன்றைப் பதிந்து, சேமித்து, மீண்டும் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது.