மியூசியம் ஒத்துக்கொள்ளாத படகு!

'சுஹைலி' - 32 அடிப் பாய்மரப் படகு. பம்பாயில் தேக்கு மரத்தில் செய்து, 1964-ல் தண்ணீரில் இறங்கியவள். இவளோடுதான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, எங்கும் கரை ஒதுங்காமல் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றிய முதல் ஆள்!

வழியில், அட்லாண்டிக்கில், பலகை இடுக்கில் கசிவு. நடுக்கடலில் எந்த மெக்கானிக் வருவான்? மனுஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே செப்புத் தகடு வைத்து ஆணியடித்தார். நடுவில் ஒரு சுறா வேறு! மேலேறி, அதைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி முங்கினார்.

இதற்கெல்லாம் அசராத சுஹைலி, அசந்துபோனது எங்கே தெரியுமோ? மியூசியத்தில்! 1997-ல் லண்டன் கிரீனிச் கடல்சார் மியூசியத்தில் ராஜ மரியாதையோடு வைத்தார்கள். அந்த வறண்ட காற்றில் பலகைகள் சுருங்க ஆரம்பித்துவிட்டன. மரப்படகு தண்ணீரில் ஊறினால்தான் பலகை உப்பி, இடுக்கு அடைபடும். காயப்போட்டால் போச்சு! 2002-ல் வெளியே கொண்டுவந்துவிட்டார் நாக்ஸ்-ஜான்ஸ்டன்.

அப்புறம்தான் அசல் வேலை. வில்லன், இரும்பு ஆணிகள். தேக்கு பாட்டுக்கு திடமாக இருக்கும். ஆணி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். பழையதைப் பிடுங்கிவிட்டு வெண்கலத்தில் மாற்ற வேண்டியிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் நாக்ஸ்-ஜான்ஸ்டனே கருவியைப் பிடித்தார்.

2018 ஜூன் 14. சரியாக 50 வருஷம். அதே ஃபால்மத், அதே ஆள், அதே சுஹைலி - பாயை விரித்துக்கொண்டு!