மாதம் ஓர் அத்தியாயம்

நல்ல கேள்வி, தம்பி. 'கமலாம்பாள் சரித்திரம்' நாவலின் முன்பாதியை ஓர் ஆளும் பின்பாதியை வேறோர் ஆளும் எழுதியதுபோல் ஏன் இருக்கிறது? முன்பாதியில் சிறுகுளத்து வம்பும், ஜல்லிக்கட்டும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரின் வேடிக்கையும். பின்பாதியில் வேதாந்தம். கதை பிசகிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தே ஆறுவதற்குள் இன்னொரு காரணம் சொல்கிறேன், கேள்.

அது புத்தகமாகப் பிறந்த கதை அல்ல. சென்னையில் சி. வி. சுவாமிநாதய்யர் நடத்திய 'விவேக சிந்தாமணி' என்ற மாத இதழில் 1893 பிப்ரவரியில் தொடங்கி, 1895 ஜனவரியில் முடிந்த தொடர்கதை. புத்தகமானது 1896இல். எழுதிய பி. ஆர். ராஜமய்யர் வத்தலக்குண்டுக்காரர், 1872இல் பிறந்தவர். தொடங்கும்போது இருபது, இருபத்தொரு வயசுப் பிள்ளை. அந்த வயசில் இரண்டு வருஷத்தில் மனுஷன் எவ்வளவு மாறுவான்! அவர் வேதாந்தத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். 1896இல் 'பிரபுத்த பாரத' ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார், 1898இல் காலமாகிவிட்டார். கதையில் நீ பார்க்கிற மாற்றம் அவருக்குள் நடந்த மாற்றம். மாதாமாதம் அச்சானதால் அது அப்படியே பதிவாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இதழில்தான் நாவல் வளர்ந்தது. காரணம் காசு. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் புது நாவல் பெரும்பாலும் மூன்று பாகமாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். கூலிக்காரன் வாங்குகிற விலையா அது? சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழோ இரண்டே பென்ஸ். நாவல் எழுதுகிறவரே இதழாசிரியர். அடுத்தவர் நாவலையும் அவர்தான் படித்து, வெட்டி, வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து போட்டார். 1854இல் எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' அந்த அளவுக்குள் அடங்கவில்லை. இருவருக்கும் மனக்கசப்பு. முடிவை நெருக்கிவிட்டோமே என்ற குறை அம்மையாருக்கு. புத்தகமாக்கும்போது அந்தப் பகுதியை விரித்து எழுதினார்.

நம்மிடமும் இப்படி நடந்திருக்கிறது. அதே 'விவேக சிந்தாமணி'யில் ராஜமய்யருக்கு முன்பே, 1892இல், அ. மாதவையா 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. விட்டாரா? 1903இல் 'முத்துமீனாட்சி' என்று முழு நாவலாகக் கொண்டுவந்தார். பின்னாளில் அவரே 'பஞ்சாமிர்தம்' என்று சொந்த இதழும் நடத்தினார்.

அப்போது இங்கே மலாயாவில் என்ன என்கிறாயா? கெடா 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்தது. கோலா கெத்தில் பக்கம் பால்மரமும் கிடையாது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமும் கிடையாது. ஆனால் பக்கத்துப் பினாங்கில் 1880களிலேயே குலாம் காதிர் நாவலர் 'வித்தியா விசாரிணி' நடத்தினார். விக்டோரியா பட்டமேற்ற ஐம்பதாம் ஆண்டான 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' தொடங்கினார். தோட்டங்கள் பெருகிய பிறகு 1924இல் 'தமிழ் நேசன்' வந்தது. லயத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஆள் எண்ணும் பெரட்டுக்கு விடிகாலையில் எழ வேண்டியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட பத்திரிகை அது. 1950 வாக்கில் அதே ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம்! இந்நாட்டு எழுத்தாளர்களில் ஒரு தலைமுறை அதில் பழகியது. இன்றைக்கும் நம் கெடா லுனாஸைக் களமாக வைத்து 'பேய்ச்சி' எழுதிய ம. நவீன், 'வல்லினம்' இதழின் ஆசிரியரும்கூட. நாவலும் இதழும் ஒரே கையில் இருப்பது புதுசு இல்லை.

சரி, கமலாம்பாளுக்கே வருவோம். சிறுகுளத்துப் பெண்கள் கூடிப் புறம் பேசுவதற்கு ராஜமய்யர் வைத்த பெயர் 'வம்பர் மகாசபை'. கதையின் முழுத் தலைப்பிலேயே 'அபவாதம்' இருக்கிறது. பழி எப்படிப் பரவும்? ஒருத்தி சொல்ல, அடுத்தவள் கை கால் வைக்க, நாள் கடக்கக் கடக்கத்தான். புத்தகத்தில் நீ பக்கத்தைப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும். 1894இல் இதழ் வாங்கியவருக்கு அடுத்த மாதம்வரை வழியில்லை. அதுவரை திண்ணையில் 'அவள் அப்படிச் செய்திருப்பாளோ' என்று பேச்சு ஓடாமலா இருந்திருக்கும்? வம்பைக் கண்டிக்கிற கதை, வாசகனையும் வம்பர் சபையில் உட்காரவைத்துவிடுகிறது.

அதனால் மறுபடி படிக்கும்போது ஒரே மூச்சில் முடிக்காதே. கமலாம்பாள் மேல் பழி விழுகிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நாலு நாள் உன் வேலையைப் பார். அந்த நாலு நாளில் நீ அவளை எத்தனை தடவை சந்தேகப்பட்டாய் என்று அடுத்த வாரம் வந்து சொல்லு.