நாய்களை அன்பு வழியில் பழக்குதல்

நாய்களை அன்பு வழியில் பழக்குதல் என்பது, அடித்தல், மிரட்டுதல், கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்தல் முதலிய தண்டனைகளைத் தவிர்த்து, நாய் சரியாகச் செய்யும்போது பரிசளித்து அதற்குக் கற்பிக்கும் முறையாகும். உணவுத் துண்டு, பாராட்டு, விளையாட்டு ஆகியவை பரிசுகளாகப் பயன்படுகின்றன. கல்வி உளவியலில் 'நேர்மறை வலுவூட்டல்' எனப்படுவதே இதன் அடிப்படை. இது நாயைக் கட்டுப்பாடின்றிச் செல்லமாக விடுவது அன்று. செய்யக்கூடாததற்காக அடிப்பதை விட்டு, செய்ய வேண்டியதைக் கற்பிப்பதே இம்முறையின் சாரம்.

வரலாறு

'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியின் கருத்து நாய்ப் பயிற்சியிலும் நெடுங்காலம் நிலவியது. ஜெர்மனியில் காவல்துறை நாய்களைப் பழக்கிய கான்ராட் மோஸ்ட் 1910-இல் வெளியிட்ட பயிற்சி நூலில் கட்டாயமும் தண்டனையும் முக்கிய இடம் பெற்றன. அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962-இல் வெளியிட்ட நூலும் கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டித் திருத்தும் முறையைப் பரப்பியது.

மாற்றத்துக்கு வித்திட்டவர்கள் உளவியல் அறிஞர்கள். எட்வர்டு தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டார். நிறைவான பயனைத் தரும் செயல் மீண்டும் செய்யப்படும் என்னும் 'விளைவு விதி' அவற்றிலிருந்து உருவானது. பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தைச் 'செயல்படு ஆக்கநிலையிறுத்தம்' என்னும் கோட்பாடாக விரிவாக்கினார். ஓர் ஒலிக்குறியையும் உணவையும் கொண்டு வீட்டிலேயே நாயைப் பழக்கலாம் என்று 1951-இல் ஓர் இதழ்க் கட்டுரையில் அவர் விளக்கினார்.

காரன் பிரையர் 1960-களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கினார். டால்பினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. மிரட்டினால் அது நீந்தி விலகிவிடும். எனவே, சரியான செயலைச் செய்த கணத்தில் ஊதலை ஊதி மீன் கொடுப்பதே அங்கு வழியாயிற்று. 'நாயைச் சுடாதீர்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1984-இல் அவர் எழுதிய நூல், இம்முறையை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது.

'தலைவன்' என்னும் தவறான கருத்து

'நாய் ஓநாயின் இனம். கூட்டத்தில் வலியதே தலைவன். ஆகவே உரிமையாளர் தம் வலிமையைக் காட்டி அடக்க வேண்டும்' என்று இன்றும் பலர் கூறுவர். ருடால்ஃப் ஷென்கெல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-இல் வெளியிட்ட ஆய்வே இக்கருத்துக்கு முக்கியமான மூலம். அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970-இல் எழுதிய நூலும் அதைப் பரப்பியது. ஆனால் காட்டில் இயல்பாக வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த அதே மீச், 1999-இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பமே. பெற்றோர் சண்டையில் வென்று தலைமை பெறுவதில்லை என்று அவர் விளக்கினார். எனவே, நாயை மல்லாத்திப் போட்டு அழுத்திப் பிடிக்கும் பழக்கத்துக்கு ஓநாய்களின் வாழ்க்கை சான்றாகாது.

தண்டனையின் விளைவுகள்

அடி வாங்கும் நாய் பாடத்தைக் கற்பதில்லை, அடிக்கும் கையைத்தான் கற்கிறது. தண்டனையின் தீமைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. எதற்காகத் தண்டனை என்பது நாய்க்குப் புரிவதில்லை. மாலையில் வீடு திரும்பியவர், காலையில் கடித்துப்போட்ட செருப்பைக் காட்டி அடித்தால், அவர் வீடு திரும்பியதற்கே அடி விழுந்ததாக நாய் கொள்ளும். தலைகுனிந்து காதை மடக்கி நிற்பது குற்ற உணர்வு என்று நாம் நினைக்கிறோம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்யாத நாய்களும் உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே தோற்றத்தைக் காட்டின. அது நம் கோபத்துக்கான எதிர்வினையே.

2. தண்டனை எதிர்த்தாக்குதலைத் தூண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்ததாகவோ உதைத்ததாகவோ கூறிய உரிமையாளர்களில் 43 விழுக்காட்டினர், அச்செயலுக்கு நாய் மூர்க்கமாக எதிர்வினை காட்டியதாகத் தெரிவித்தனர்.

3. மன அழுத்தம் கூடும். போர்ச்சுக்கலில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை மிகுந்த பயிற்சி பெற்ற நாய்கள் கூடுதல் அழுத்த அறிகுறிகளைக் காட்டின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் உயர்ந்திருந்தது.

4. எச்சரிக்கை மறையும். உறுமல் என்பது 'எனக்கு அச்சமாக இருக்கிறது, விலகு' என்று நாய் சொல்லும் மொழி. உறுமும்போதெல்லாம் அடித்தால் உறுமல் நின்றுபோகலாம், அச்சம் நிற்காது. அத்தகைய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். கடிபடுவது அடித்தவராக இல்லாமல், அருகில் விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம். இதுவே தண்டனை முறையின் பெருந்தீங்கு.

பழக்கும் முறை

'உட்கார்' என்னும் கட்டளையைக் கற்பிப்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உப்பின்றி வேகவைத்த கோழி இறைச்சியைக் கடலை அளவுத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சாதலால் கொடுக்கலாகாது.

முதலில், ஒரு துண்டை நாயின் மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். தலை மேலே நிமிரும்போது பின்பகுதி தானாகத் தரையில் அமரும். அமர்ந்த அக்கணமே 'நல்லது' என்று சொல்லித் துண்டைக் கொடுக்க வேண்டும். சொல்லுக்குப் பதிலாக 'கிளிக்' என ஒலிக்கும் சிறு கருவியையும் பயன்படுத்தலாம். பரிசு சில விநாடிகள் தாமதித்தாலும், அதற்குள் எழுந்துவிட்ட நாய், எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாகக் கொள்ளும்.

சில முறை இவ்வாறு செய்தபின், வெறுங்கையால் அதே சைகையைக் காட்டி, அமர்ந்ததும் மற்றொரு கையிலிருந்து பரிசு தரலாம். நாய் தவறாமல் அமரத் தொடங்கியபின், சைகைக்குச் சற்று முன் 'உட்கார்' என்று சொல்ல வேண்டும். நன்கு பழகிய பிறகு ஒவ்வொரு முறையும் உணவு தரத் தேவையில்லை; இடையிடையே தந்தால் போதும்.

ஒரு வேளைக்கு ஐந்து நிமிடப் பயிற்சி போதுமானது. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். தாத்தா 'உட்கார்' என்றும் பேத்தி 'சிட்' என்றும் சொன்னால் நாய் குழம்பும்.

வேண்டாத பழக்கங்களை மாற்றுதல்

அன்பு வழியிலும் 'கூடாது' என்பதற்கு இடமுண்டு. ஆனால் அது அடியாக வராது. நாய் விரும்பும் ஒன்று கிடைக்காமற்போவதாக வரும்.

விருந்தினர்மீது தாவும் நாய் கவனத்தைத்தான் நாடுகிறது. தாவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான்கு கால்களும் தரையில் பட்டதும் தடவிக்கொடுத்தால், தாவுவதில் பயனில்லை என்று அது கற்றுக்கொள்ளும். நடைப்பயிற்சியில் கயிற்றை இழுத்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்ததும் நடக்க வேண்டும். செருப்பைக் கடிக்கும் குட்டிக்கு மெல்லத்தக்க பொம்மையைக் கொடுத்து, செருப்பை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியை, உறங்கி எழுந்ததும் உணவுண்டதும் வெளியே அழைத்துச் சென்று, அங்கே கழித்தவுடன் பாராட்ட வேண்டும்.

தீபாவளி வெடிக்கு அஞ்சும் நாய்க்கு இவான் பாவ்லோவ் கண்டறிந்த ஆக்கநிலையிறுத்தம் உதவும். பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே, பதிவுசெய்த வெடியோசையை மிகக் குறைந்த ஒலியில் கேட்கச் செய்து, ஒவ்வொரு முறையும் விருப்பமான உணவைத் தர வேண்டும். நாய் அமைதியாக இருந்தால் மட்டுமே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

சாதுவான நாய் திடீரெனச் சீறத் தொடங்கினால், பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதுவலி, மூட்டுவலி போன்றவை காரணமாக இருக்கலாம். நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கை அடித்தோ உதைத்தோ தேவையற்ற வலிக்கு உள்ளாக்குவதைக் குற்றமாக்குகிறது. மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்க்கு உரிமையாளர் உடற்பயிற்சி அளிக்கத் தவறுவதும் அப்பிரிவில் அடங்கும். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ், மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளை 2010-இல் தடைசெய்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், எல்லா நாய்களுக்கும் பரிசுவழிப் பயிற்சியையே பரிந்துரைத்துள்ளது. முரட்டு நாய்களுக்கும் இப்பரிந்துரை பொருந்தும்.