‘இன்று கப்பல் கிடையாது!’ - புயல் மாதங்களில் தனித்துப்போகும் தீவுகள்

ஜனவரி மாதக் காலை. மணி எட்டாகியும் வெளியே இருட்டு. தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே கை செல்போனைத் தேடுகிறது. வாட்ஸ்அப் பார்க்க அல்ல; இன்று கப்பல் வருமா, வராதா என்று பார்க்க!

‘ரத்து’ என்று இருந்தால் போச்சு. மருத்துவரைப் பார்க்கப் போக முடியாது. ஊருக்குப் போன மகள் திரும்ப முடியாது. மதியத்துக்குள் மளிகைக் கடையில் ரொட்டியும் பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் சிதறிக் கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளில் குளிர்காலம் இப்படித்தான் நகர்கிறது. இங்கே கப்பல் என்பது சுற்றுலாப் பயணிகளுக்கான உல்லாசம் அல்ல. நம் ஊரில் டவுன் பஸ் எப்படியோ, அப்படி. பால், மருந்து, தபால், மாட்டுத் தீவனம், சமையல் எரிவாயு என எல்லாம் அதில்தான் வர வேண்டும். தீவில் வளர்த்த ஆடு மாடுகளும், பிடித்த இறாலும் நண்டும் அதில்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

இந்தக் கப்பல்களை இயக்குவது ஸ்காட்லாந்து அரசுக்குச் சொந்தமான கலிடோனியன் மெக்பிரேன். மக்கள் சுருக்கமாக ‘கால்மேக்’ என்கிறார்கள். 30-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தும், குளிர்காலத்தில் சில வாரங்கள் ‘ரத்து’ என்ற சொல்லே தினமும் காதில் விழும்.

ஒன்று போனால் இன்னொன்று

நம் வங்கக் கடலில் ஒரு புயல் வந்து கரையைக் கடந்துவிட்டால், அடுத்தது உருவாகப் பெரும்பாலும் சில வாரங்களாவது ஆகும். வட அட்லாண்டிக்கின் கதை வேறு. குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்றும், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான காற்றும் மோதிக்கொள்கின்றன. அந்த எல்லைக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. அது வலுத்தால் காற்றழுத்தத் தாழ்வுகள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக வரும். ஒன்று கடந்து, கடல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

2013-14 குளிர்காலம் அப்படிப்பட்டது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் குறைந்தது 12 பெரும் புயல்கள் பிரிட்டனைத் தாக்கின. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் அவ்வளவு கொந்தளிப்பான காலத்தை அந்த நாடு பார்த்ததில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டாலிஷ் என்ற ஊரில், கடலோர ரயில் பாதைக்குக் கீழிருந்த சுவரையே அலை அடித்துச் சென்றது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

2025 ஜனவரி 24-ம் தேதி ‘ஏயோவின்’ புயல் வந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் காற்று பதிவானது. அந்த நாட்டின் வரலாற்றில் அதுவே அதிகம். ஸ்காட்லாந்தின் பல பகுதிகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்று கப்பல்கள் மட்டுமல்ல, ஸ்காட்லாந்தின் உள்ளூர் ரயில்களும் ஓடவில்லை.

வெயில் அடிக்கிறதே, ஏன் வரவில்லை?

புயல் வீசும் நாளில் கப்பல் வராவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. காற்று அடங்கி, வானம் வெளுத்த மறுநாளும் ‘ரத்து’ என்று வந்தால்தான் எரிச்சல் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் வீசுகிறது, எவ்வளவு தூரக் கடற்பரப்பின் மேல் வீசுகிறது. ஹெப்ரிடீஸுக்கு மேற்கே கனடா வரை திறந்த கடல். அங்கே எங்கோ எழும்பிய அலை, காற்று நின்ற பிறகும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கன்னியாகுமரிக் கடலோரத்தில் ‘கள்ளக்கடல்’ என்று சொல்வார்களே, அதே குணம்தான். இங்கே காற்று இருக்காது. கடல் மட்டும் பொங்கும்.

இன்னொரு விஷயம், நடுக்கடலைவிடக் கரைதான் கப்பலுக்கு ஆபத்து. கார்களும் லாரிகளும் ஏற்றிய கப்பலின் பக்கவாட்டுச் சுவர் ஒரு பெரிய பாய்மரம் போல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சுவரில் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். குறுகலான இறங்குதுறையில் அணையும்போது ஒரு பலத்த காற்று தள்ளினால், கப்பல் கான்கிரீட்டில் மோதும்; அல்லது கட்டிய கயிறு அறுந்து தெறிக்கும். கப்பல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால் வாகனங்கள் இறங்கும் பாலத்தைப் பொருத்தவே முடியாது. நடுக்கடலைத் தாண்டி வந்த கப்பல், தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பயணிகளோடு திரும்பிப் போவது உண்டு.

அதனால்தான் கிளம்புவதா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை கப்பலின் கேப்டனுடையது.

1953 சொன்ன பாடம்

கேப்டனின் அந்த ஒரு முடிவுக்கு எவ்வளவு கனம் என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1953 ஜனவரி 31. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ரேர் துறைமுகத்திலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குப் புறப்பட்டது ‘பிரின்சஸ் விக்டோரியா’. புயல் எச்சரிக்கை இருந்தது. ஆனாலும் அது தினமும் போய் வரும் வழி. சில மணி நேரப் பயணம்தான்.

பாதுகாப்பான விரிகுடாவைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும், வாகனங்கள் ஏறும் பின்பக்கக் கதவை ஓர் அலை உடைத்தது. உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழி போதவில்லை. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிய உயிர்காக்கும் படகை அலை தூக்கிக் கப்பலின் மீதே அடித்தது.

130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கேப்டன் ஜேம்ஸ் பெர்குசன் கப்பலோடு மூழ்கினார். வானொலி அதிகாரி டேவிட் பிராட்ஃபுட் கடைசிவரை இருக்கையை விட்டு எழாமல் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அதே புயல் அன்றிரவு வடகடலைப் பொங்கவைத்து, நெதர்லாந்தில் மட்டும் 1,800-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

பின்பக்கக் கதவு போதிய வலுவோடு இல்லை, தண்ணீர் வெளியேறும் வழிகளும் போதவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. கரையில் காத்திருப்பவருக்கு ‘ரத்து’ என்பது ஒரு நாள் நஷ்டம். கேப்டனுக்கோ, கப்பலில் இருக்கும் அத்தனை பேரின் வீடுகளும் கண்முன் வந்துபோகும்.

கோபத்திலும் நியாயம் உண்டு

அதற்காகத் தீவுவாசிகள் எல்லா ரத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வானிலையால் நின்றால் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இன்ஜின் பழுதால் நின்றால்தான் கொதிக்கிறார்கள். 30 வயதைக் கடந்த கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. புதிதாகக் கட்டிய ‘கிளென் சானக்ஸ்’ 2017-ல் தண்ணீரில் இறக்கப்பட்டது; பயணிகளை ஏற்றியதோ 2025 ஜனவரியில்தான்! ஒரு கப்பல் பழுதானால் அதை ஈடுகட்ட இன்னொரு வழித்தடத்துக் கப்பலை எடுக்க வேண்டியிருக்கிறது. புயலால் தவறிய பயணங்களோடு இதுவும் சேரும்போது, ‘தீவில் இனி குடியிருக்க முடியுமா?’ என்று இளம் குடும்பங்கள் யோசிக்கத் தொடங்குகின்றன. ஆஸ்பத்திரி நாளைத் தவறவிட்ட நோயாளிக்கு, நின்றது காற்றாலா இன்ஜினாலா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவசரம் என்றால் ஸ்டோர்னோவேயில் கடலோரக் காவல் ஹெலிகாப்டர் இருக்கிறது. பாரா தீவில் கடற்கரை மணலே விமான ஓடுதளம். கடல்நீர் வடிந்த நேரத்தில்தான் விமானம் இறங்கும். கடலில் யாராவது சிக்கினால், 1824-ல் தொடங்கப்பட்ட உயிர்காப்புப் படகு அமைப்பின் தொண்டர்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

தீவின் வீட்டுக் கணக்கு

இந்த ஊர்களில் குடும்பம் நடத்துவதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அக்டோபரிலேயே ஃப்ரீசர் நிரம்பிவிட வேண்டும். பால் பவுடர், மாவு, மெழுகுவத்தி, மாத்திரைகள் கையிருப்பில் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறோ திங்களோ கிளம்பிவிட வேண்டும். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக் கதவை, மின்சாரம் போனவுடன் பக்கத்து வீட்டுக்காரர் தட்ட வேண்டும்.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் பயணம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமான டிக்கெட் எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு நாள் இடைவெளி விடுங்கள். அன்றாட மருந்துகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று துறைமுகத்தில் இருப்பவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு காலையில் செல்போனில் ‘வழக்கம்போல் இயங்கும்’ என்று வரும். அன்று இறங்குதுறையில் தீவே திரண்டிருக்கும். முதலில் இறங்குவது ரொட்டி லாரி. அதன் பின்னால், வாரம் முழுக்க மறுகரையில் காத்திருந்த மகளின் கார்!