இரு கரையிலும் வெள்ளிதான், மதிப்புதான் வேறு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்குக் கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். இரு கரைத் தமிழர்களும் பணத்தை 'வெள்ளி' என்றே சொல்கிறோம். 1973 மே மாதம் வரை இரண்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அந்த 'மேல்' எவ்வளவு என்பது நீங்கள் மாற்றும் கடையைப் பொறுத்தது.

நாணய மாற்றுக் கடைப் பலகையில் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று, கடைக்காரர் ரிங்கிட் வாங்கும் விலை; மற்றொன்று, விற்கும் விலை. இடையில் உள்ள வித்தியாசமே அவருடைய வருமானம். அதனால் 'கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்தாலும், இலவசமாக மாற்றித் தருகிறார் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: கைப்பேசி காட்டும் சந்தை விலை 3.30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடை 3.28 தருகிறது, இன்னொன்று 3.20. 300 வெள்ளி மாற்றினால் முதல் கடையில் 984 ரிங்கிட், அடுத்ததில் 960. அந்த 24 ரிங்கிட்டில் ஒருவர் வயிறாரச் சாப்பிடலாம்.

லிட்டில் இந்தியா, ராஃபிள்ஸ் பிளேஸ் போலக் கடைகள் நெருங்கியிருக்கும் இடங்களில் போட்டியால் நல்ல விலை கிடைக்கும். ஜோகூர் பாருவிலும் சோதனைச்சாவடி அருகே கடைகள் உண்டு. இரண்டு மூன்று பலகைகளைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். உரிமம் பெற்ற கடைதானா என்று கவனியுங்கள். பணத்தை அங்கேயே எண்ணி, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜோகூர் பாருவில் ஒரு கடையில் பொருள் வாங்கி அட்டையால் கட்டும்போது, 'சிங்கப்பூர் வெள்ளியா, ரிங்கிட்டா?' என்று கருவி கேட்கலாம். ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். வெள்ளியைத் தேர்ந்தால், மாற்று விலையை அந்தக் கடையின் பக்கமே முடிவு செய்யும். பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்தான். சாலையோரக் கடைகளுக்குச் சில்லறை நோட்டுகள் வேண்டும். பணம் மாற்றும்போதே 10, 20 ரிங்கிட் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

பெருந்தொகை கொண்டுசெல்வோர் கவனிக்க: சிங்கப்பூரில் 20,000 வெள்ளிக்கு மேலும், மலேசியாவில் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேலும் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

திரும்பும்போது மீந்த நாணயங்களை அந்தக் கரையிலேயே செலவழித்துவிடுங்கள். மாற்றுக் கடைகள் பெரும்பாலும் நோட்டுகளை மட்டுமே வாங்கும். நோட்டுகளை உடனே வெள்ளியாக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் கரையும். மறுபடி பாலம் கடக்கப் போகிறவர் அவற்றை ஓர் உறையில் போட்டுக் கடப்பிதழோடு வைத்துக்கொள்வதே நல்லது.