முயலைத் துரத்தாத சிப்பிப்பாறை

கடலைக் காட்டில் முயல் தொல்லை தாங்காமல், சாத்தூர் பக்கம் போய் ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கிவந்து, செவலை என்று பேர் வைத்தோம். ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, சாட்டை போல வால். ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு. ஒன்றரை வயதில் முதல் முயல் அதன் கண்ணெதிரே வரப்பைத் தாண்டியது. செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு ஆட்டுக்குட்டிகள் கிடந்த வேப்பமர நிழலுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. பாய்ந்து ஓடியது, பஸ் ஸ்டாண்டில் யாரோ விட்டுப்போன நாட்டுநாய் கருப்பன்.

"சாதி நாயின்னு சொல்லி ஒங்க தலையில கட்டிட்டான்" என்று பக்கத்துக் காட்டு மாமா இன்றைக்கும் சிரிக்கிறார்.

விற்றவரைக் குறை சொல்ல முடியாது. 2022-இல் 'சயன்ஸ்' இதழில் எலினோர் கார்ல்சன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்பது போன்ற சிலவற்றில் இனம் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கிறது. மற்றபடி, சாதியைக் கேட்டுச் சுபாவத்தைச் சொல்வது ஜோசியம்தான்.

ஸ்வீடனில் நாய்களுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். நடந்துபோகையில் திடீரென ஒரு பொம்மை எழும்பும், சங்கிலி கலகலக்கும், வெள்ளைத்துணி போர்த்திய 'பேய்கள்' மெல்ல நெருங்கும், துப்பாக்கி வெடிக்கும். 15,329 நாய்களின் மதிப்பெண்களை அலசி 2002-இல் ஸ்வார்ட்பெரி, ஃபோர்க்மன் இருவரும் ஐந்து குணங்களைப் பிரித்தார்கள்: விளையாட்டு, பயமற்ற ஆர்வம், துரத்தல், மனிதரோடு ஒட்டுதல், சீற்றம். முதல் நான்கும் கூச்சம், துணிச்சல் என்ற ஒரே கோட்டில் சேர்ந்து வந்தன. சீற்றம் மட்டும் சேரவில்லை. குரைத்து விழும் நாயெல்லாம் தைரியசாலி இல்லை என்று அர்த்தம்.

கிராமத்தில் அவிழ்த்துவிட்ட நாய்க்கு இந்தப் பரீட்சை தினமும் நடக்கிறது. சோளக்கொல்லைப் பொம்மை, திடீரென உறுமும் பம்புசெட், கோயில் கொடை வேட்டு. தபால்காரரை விரட்டும் கருப்பன், வேட்டுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில். செவலையோ காதை மட்டும் திருப்பும்.

ஒருநாள் பஞ்சாரத்துக்கு அடியில் கருவாட்டுத் துண்டை வைத்து, மேலே கல்லையும் ஏற்றினேன். கருப்பன் கால்மணி நேரம் மண்ணைப் பறித்தது. செவலை இரண்டு முறை மூக்கால் தள்ளிவிட்டுத் திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தது. 2003-இல் புடாபெஸ்டில் மிக்லோஷி குழுவினர் கண்டதும் இந்தப் பார்வையைத்தான்: முடியாத காரியம் வந்தால் நாய் மனிதரைத் திரும்பிப் பார்க்கிறது; மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்கூட அப்படிப் பார்ப்பது அரிது. செவலை சீக்கிரம் பார்க்கும் ரகம். கருப்பன் கடைசிவரை பார்க்காது.

போன மாதம் உறியில் இருந்த கருவாடு காணாமல் போனது. "முழிக்கிற முழியப் பாரு, இவந்தான்" என்று அம்மா கருப்பனை அதட்ட, அது காதை மடக்கிப் பம்மியது. இந்தத் 'திருட்டு முழி'யை 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்திருக்கிறார். முழி, திட்டு விழுவதைப் பொறுத்தே வந்தது. தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்தல்ல. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்தான் இன்னும் அதிகமாகப் பம்மியது.

மறுநாள் ஓட்டுக்கூரையில் பூனை மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு முட்டையை அவித்துக் கருப்பனுக்குப் போட்டாள்.